ஊடை வராத பாவு

(திருப்பூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



எந்தப் பனியன் கம்பெனியின் சாம்பிள் ரூமுக்குள் போனாலும் சுவரில் ஆணியடித்து பேட்டர்ன் அட்டைகளை மாட்டி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் நேர்கோடு, இன்னொரு பக்கம் வளைவு, ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு. ஊருக்குப் புதிதாக வந்தவர் கண்ணுக்கு அது வெறும் அட்டை. பேட்டர்ன் மாஸ்டருக்கோ அது முன்பாகம், பின்பாகம், கை, காலர். உடம்பு எங்கும் வரையப்படவில்லை. ஆனாலும் தோள் எங்கே முடிகிறது, கழுத்து எவ்வளவு இறங்குகிறது என்பதெல்லாம் அந்தக் கோட்டில் இருக்கிறது. ஆளை எடுத்துவிட்டு அளவை மட்டும் வைத்துக்கொள்ளும் வேலை. இதையே ஓவியர் செய்தால் அரூப ஓவியம் என்கிறார்கள். "ஒண்ணும் புரியலையே" என்று நாம் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறோம்.

இன்றைய பேச்சு, காகிதத்தில் கோடு போடுவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றியது. நஸ்ரீன் மொஹமதி. 1937-இல் கராச்சியில் பிறந்தவர், 1990 மே மாதம் மகாராஷ்டிரத்தின் கிஹிம் என்ற கடலோர ஊரில் இறந்தவர். அவரை ஏன் திருப்பூரில் வைத்துப் பேச வேண்டும் என்றால், அவர் படங்களைப் பார்க்கத் தேவையான கண் இந்த ஊரில் தயாராக இருக்கிறது. அந்தக் கண்ணுக்குச் சம்பளம் வேறு வேலைக்காகக் கொடுக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

அவருடைய 1970-களின் படம் ஒன்றை மனத்தில் கொண்டுவருவோம். மேசைக்குள் அடங்கும் ஒரு தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெல்லிய கிடைக்கோடுகள், சில மசியில், சில பென்சிலில். முதலில் பார்த்தால் ரூல் போட்ட நோட்டுப் பக்கம் மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் பொறுத்து நின்றால் தாள் அசைய ஆரம்பிக்கும். ஓரிடத்தில் கோடுகள் நெருங்குகின்றன, அங்கே இருட்டு சேர்கிறது. அடுத்த இடத்தில் இடைவெளி மயிரிழை அளவு கூடுகிறது, அங்கே வெளிச்சம் வருகிறது. குறுக்கே ஒரு சாய்கோடு இறங்கியதும் தட்டையான தாளுக்குப் பின்னால் ஆழம் ஒன்று திறந்துகொள்கிறது. ஸ்போர்ட்ஸ் பனியனுக்குப் போடும் மெஷ் துணி இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து லேசாக நகர்த்திப் பார்த்தவர்களுக்கு இந்த அலையடிப்பு தெரியும். அங்கே தற்செயலாக நடப்பதை இவர் ஒவ்வொரு கோடாக, கையால், கணக்குப் பார்த்து நடத்துகிறார்.

கராச்சியில் பிறந்தாலும் 1940-களிலேயே குடும்பம் பம்பாய்க்கு வந்துவிட்டது. சின்ன வயதிலேயே தாயை இழந்தார். தந்தைக்குப் பஹ்ரைனில் ஒளிப்படக் கருவிகள் விற்கும் கடை. லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப் பள்ளியில் 1954 முதல் 1957 வரை படிப்பு. பிறகு உதவித்தொகையில் பாரிஸில் 1961 முதல் 1963 வரை. நடுவில் பம்பாயில் பூலாபாய் தேசாய் நினைவு நிறுவனம். ஓவியர்களும் நாடகக்காரர்களும் இசைக்காரர்களும் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்த இடம் அது. அங்கேதான் வி.எஸ். கைத்தொண்டேயின் பழக்கம் கிடைத்தது. அதிகம் பேசாத, வருடத்துக்குச் சில படங்களே வரையும் அந்த மூத்த ஓவியரிடமிருந்து அவர் எதைக் கற்றார் என்று கேட்டால், காத்திருப்பதை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. 1972-இல் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவில் ஆசிரியரானார். ஏறக்குறைய கடைசிவரை அதுதான் அவர் ஊர்.

பரோடா அப்போது எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குலாம் முகம்மது ஷேக், பூபேன் காக்கர் போன்ற ஓவியர்கள் மனிதர்களை, தெருவை, கடையை, கதையைப் படத்துக்குள் திரும்பக் கொண்டுவந்த காலம். 1981-இல் அந்தப் போக்கு ஒரு கண்காட்சியாகவே திரண்டு நின்றது. நண்பர்கள் எல்லாரும் உருவத்தின் பக்கம். இவர் மட்டும் வெறும் கோட்டோடு. நண்பர்களோடு சண்டையும் இல்லை, அவர்கள் பக்கம் போகவும் இல்லை. அவர் வீடு வெறுமையாகத் துடைத்து வைத்த வீடு: வெள்ளைச் சுவர், சுத்தமான தரை, தரையில் உட்கார்ந்து வரையும்படி தாழ்வான வரைபலகை. கலைஞர் ஜோதி பட் எடுத்த ஒளிப்படங்களில் அவர் அந்தப் பலகைமேல் குனிந்திருப்பதைப் பார்க்கலாம். தூரிகை இல்லை, கட்டட வரைபடக்காரர்கள் வைத்திருக்கும் ஸ்கேல், செட்ஸ்கொயர், வரைபேனாதான் கருவிகள்.

இனி காகிதத்துக்கு வருவோம். இந்த அரங்கில் யாரிடம் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்தாலும் இரண்டு விரலில் பிடித்து, "நூத்தி எம்பது இருக்கும்" என்பார்கள். ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. ரவுண்டு கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, தராசில் வைத்து, வந்ததை நூறால் பெருக்குவது இங்கே தினசரி வேலை. ஓவியத் தாளுக்கும் இதே கணக்குத்தான், இதே எழுத்துகள்தான். ஜெராக்ஸ் தாள் 70, 80. வரைவதற்கான நல்ல தாள் அதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. கனம் குறைந்தால் மசி ஊறும், தாள் நெளியும், நேர்கோடு நேர்கோடாக நிற்காது.

ஒற்றுமை எடையோடு முடியவில்லை. உயர்ந்த ஓவியத் தாள் மரக்கூழில் வருவதில்லை, பருத்தியில் வருகிறது. இந்தியாவில் கைக்காகிதம் செய்பவர்கள் விரும்பி வாங்கும் கச்சாப் பொருள்களில் ஒன்று, ஹோசியரி கட்டிங் வேஸ்ட். தைத்தபின் மிஞ்சும் வெள்ளைப் பனியன் துண்டுகளை நறுக்கி, அரைத்து, தண்ணீரில் கலக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளினால் தாள். வேஸ்ட் என்று எடைக்குப் போட்டது, திரும்ப வரும்போது ஒரு தாள் இத்தனை ரூபாய் என்று வரும். இந்தத் தொழிலுக்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருவர் நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கனேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கைக்காகிதம் என்றதும் இன்னொரு பெண்ணின் பெயர் வந்து நிற்கிறது: ஸரீனா ஹாஷ்மி. அவரும் அதே 1937-இல் பிறந்தவர், அலிகரில். கணிதம் படித்தவர், நியூயார்க்கில் வாழ்ந்து 2020-இல் மறைந்தவர். காகிதத்தை வாங்கி அதன்மேல் வரைவதோடு அவர் நிற்கவில்லை. காகிதக் கூழையே அச்சில் வார்த்துச் சிற்பம் போலச் செய்தார். 1977 வாக்கில் அவர் செய்த ஒரு வரிசைப் படங்களில் மசியும் இல்லை, பென்சிலும் இல்லை. தையல் ஊசியால் வெள்ளைத் தாளைக் குத்திக் குத்திச் செய்தவை. துளையின் விளிம்பில் தாள் கொஞ்சம் எழும்பும், அதில் விழும் நிழல்தான் படம். நூல் கோக்காத தையல் மெஷினைத் தெரியாமல் அட்டைமேல் ஓட்டிவிட்டால் வருமே, அந்த ஊசித் தடம். அதை நாம் தப்பு என்போம். அவருடைய பெரிய கண்காட்சி 2012-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி, அடுத்த ஆண்டு நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் போனது.

நஸ்ரீனுக்குத் திரும்புவோம். அவர் கண்ணில் நெசவு படாமல் போகவில்லை. வாழ்நாள் முழுக்க ஒளிப்படம் எடுத்தவர் அவர்: பதேபூர் சிக்ரியின் கல்தளம், சண்டிகரின் சுவர், சாலையில் பெயின்ட் அடித்த கோடு, அலை வாங்கிய மணல். அந்தப் படங்களில் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்களும் உண்டு. இவற்றை அவர் உயிரோடு இருந்தவரை காட்சிக்கு வைக்கவில்லை. தனக்கான குறிப்பாகவே வைத்துக்கொண்டார்.

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள் போனவர்களுக்குப் பாவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பீமிலிருந்து ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே விறைப்பில் வருகின்றன. குறுக்கு நூலான ஊடை பாயும்வரை அது துணி இல்லை, நூலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை. ஓர் இழை தொய்ந்தாலும் நெசவு முழுக்கத் தெரியும். நஸ்ரீனின் படங்கள் ஊடை வராத பாவு. எதற்கோ தயாராக இழுத்துக் கட்டப்பட்டு, அந்த எதுவோ வராமல், விறைப்பு மட்டுமே படமாக நிற்கிறது. நம் ஊரில் டென்ஷன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நிட்டிங் மெஷின்காரர் நூல் டென்ஷன் என்பார். அதே ஆள் ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் வேறு டென்ஷன் என்பார். நஸ்ரீனின் படத்தில் இரண்டும் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

செக்கிங்கில் இருக்கும் அக்காக்களின் கண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. 24 கேஜ், 30 இஞ்ச் டயா வட்டப் பின்னல் மெஷினில் 2,200-க்கு மேற்பட்ட ஊசிகள். அதில் ஒரே ஓர் ஊசியின் நாக்கு வளைந்துவிட்டால் ரோல் முழுக்க நெடுக ஒரு மெல்லிய கோடு விழும். நீடில் லைன். லாட் மாறிய நூல் கலந்துவிட்டால் குறுக்கே பட்டை பட்டையாகத் தெரியும். பழகாத கண்ணுக்கு அந்தத் துணி வெறும் வெள்ளை. பழகிய கண் ஓடிக்கொண்டிருக்கும் துணியிலிருந்து அதைப் பிடித்துவிடும். இரண்டாயிரத்தில் ஒன்று என்ற வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் இந்தத் திறமையை யாரும் ரசனை என்று சொல்வதில்லை. நஸ்ரீனின் தாளுக்கு முன்னால் வேண்டியது கிட்டத்தட்ட அதே திறமை: பத்துக் கோட்டில் எது மசி, எது பென்சில், எந்த இடத்தில் கை மெல்ல அழுத்தியது, எந்த இடைவெளி மற்றதைவிட இத்தனூண்டு பெரிது.

இங்கே ஒரு வேறுபாட்டையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். செக்கிங்கில் வித்தியாசம் என்றால் ரிஜக்ட். ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். நஸ்ரீனின் தாளில் வித்தியாசத்துக்காகத்தான் மற்றதெல்லாம். எல்லாக் கோடும் ஒரே மாதிரி இருந்தால் அது பிரின்டிங் பிரஸ் வேலை. ஸ்கேலை வைத்து வரைந்தாலும் அவர் கோட்டில் மூச்சு தெரிகிறது: மசி தொடங்கும் இடத்தில் கொஞ்சம் அடர்த்தி, போகப்போக மெலிவு, சில இடத்தில் கோடு நின்று மீண்டும் எழும். ஆகவே செக்கிங் அக்காவும் கலை விமர்சகரும் ஒன்று என்று இனிப்பாகப் பேசி முடித்துவிட முடியாது. கண் ஒன்று, அது செய்யும் தீர்ப்பு வேறு. தவிர, எட்டு மணி நேரம் நின்றுகொண்டு பார்ப்பவருக்குப் பார்ப்பது இன்பமாக இருக்கும் என்று மேடையில் நின்று சொல்வது நியாயமும் இல்லை.

துணிக்கும் அரூபக் கலைக்கும் உள்ள உறவு நஸ்ரீனோடு தொடங்கியது இல்லை. ஜெர்மனியின் பவுஹவுஸ் பள்ளியில் சேர்ந்த பெண்களைப் பெரும்பாலும் நெசவுக் கூடத்துக்கே தள்ளிவிட்டார்கள். தள்ளப்பட்டவர்களில் ஒருவரான அன்னி ஆல்பர்ஸ், பாவும் ஊடையும் தரும் கட்டத்துக்குள் நின்றே நவீனக் கலை செய்தார். 1949-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. நெசவாளர் ஒருவருக்கு அங்கே கிடைத்த முதல் தனிக் கண்காட்சி அது. இந்தியாவிலோ, கைத்தறி வாரியம் 1950-களில் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்கள் பல ஓவியர்களுக்குச் சோறு போட்டன. பிரபாகர் பர்வே என்ற முக்கியமான ஓவியர் 1960-களின் தொடக்கத்தில் காசி மையத்தில் டிசைனராக இருந்தவர்.

நம் பக்கத்திலும் ஓர் ஆள் உண்டு. கே.சி.எஸ். பணிக்கர், 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1963-இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம், கணக்கு நோட்டு, மலையாளம் போலத் தெரியும் எழுத்து. படிக்கப் போனால் படிக்க முடியாது. எழுத்திலிருந்து பொருளைக் கழற்றிவிட்டு வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்ட படங்கள். 1966-இல் அவர் தலைமையில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானபோது, ஓவியம் விற்காத காலத்தில் அடுப்பெரிய உதவியது அவர்கள் செய்து விற்ற பாட்டிக் துணி. அரூபத்துக்கு முதல் போட்டது சாயமும் மெழுகும்தான் என்பதைச் சாயப்பட்டறை ஊரில் சொல்வதில் ஒரு தனி சந்தோஷம்.

பணிக்கரின் தாளில் ஜாதகமாவது இருக்கும். நஸ்ரீன் அதையும் எடுத்துவிட்டார். அவருடைய டைரிகள் இதைக் கண்ணெதிரே காட்டுகின்றன. அன்றாடக் குறிப்பும் எண்ணங்களும் எழுதிய பக்கங்களில், எழுதியதன்மேலேயே பட்டை பட்டையாக மசி அடித்துச் சொற்களை மறைத்திருக்கிறார். மிஞ்சுவது வெள்ளையும் கறுப்புமாக ஒரு கட்டம். அச்சடித்த தேதி மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். என்ன எழுதினார் என்று துருவத் தோன்றுகிறது, பக்கம் விடுவதில்லை.

1980-களில் அவர் உடம்பை ஒரு நரம்பு நோய் பிடித்தது. தசைகள்மீதுள்ள கட்டுப்பாட்டைப் படிப்படியாகப் பறித்துக்கொள்ளும் நோய். நடையும் கையும் சொல்பேச்சு கேட்கவில்லை. அந்த வருடங்களின் படங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. முந்தைய நெருக்கமான கட்டங்கள் போய்விட்டன. பெரிய வெற்றுத் தாள். அதில் சாய்வாகப் பறந்து போவது போலச் சில கோடுகள், ஒரு முக்கோணம், சில இடத்தில் ஒரு வில் வளைவு. நடுக்கம் எங்கும் இல்லை. இதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மன உறுதிக் கதையாக்கிவிடுகிறார்கள். நடைமுறையாகவும் பார்க்கலாம்: கோடுகளின் எண்ணிக்கை குறைந்தால் கைக்கு வேலை குறைவு, ஸ்கேலின் விளிம்பு கைக்கு ஒரு பிடிமானம். எது எப்படியோ, ஓடிப்போகிற உடம்பை வைத்துக்கொண்டு ஓடாத கோட்டைப் போட்டார். கடைசியில் வந்து சேர்ந்த கிஹிம், குடும்ப வீடு இருந்த கடற்கரை.

இறந்த பிறகுதான் உலகம் கணக்குப் பார்க்க வந்தது. கலை விமர்சகர் கீதா கபூர் அவரைப் பற்றி நீண்ட இரங்கல் கட்டுரை எழுதினார். 2007-இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமெண்டா கலைக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. 2013-இல் டெல்லி கிரண் நாடார் அருங்காட்சியகம், 2015-இல் மாட்ரிட்டின் ரெய்னா சோபியா அருங்காட்சியகம் அவருக்குக் கண்காட்சி வைத்தன. 2016 மார்ச்சில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் புதிய கிளையைத் திறந்தபோது, திறப்பு விழாக் கண்காட்சிகள் இரண்டில் ஒன்று நஸ்ரீன் மொஹமதி. அந்தக் கட்டடத்தை வடிவமைத்த மார்செல் பிராயர் பழைய பவுஹவுஸ்காரர். 1921-இல் நெசவாளர் குண்டா ஷ்டோல்ட்ஸ்லுடன் சேர்ந்து ஒரு நாற்காலி செய்தவர். மரம் அவருடையது, நெய்த பகுதி அந்தப் பெண்ணுடையது.

புகழ் வந்ததும் பட்டமும் வந்தது. 'இந்தியாவின் ஆக்னஸ் மார்ட்டின்' என்றார்கள். அமெரிக்காவில் பெரிய சதுர கேன்வாஸில் பென்சில் கட்டங்கள் போட்ட மூத்த ஓவியர் மார்ட்டின். வெளியூர் பிராண்டு லேபிள் தைத்தால்தான் பனியன் விலைபோகும் என்பதை அறிந்த ஊருக்கு இந்தச் சங்கதி புதிதில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு. மார்ட்டினின் கட்டம் நேரே நம்மைப் பார்த்து அசையாமல் நிற்கும். நஸ்ரீனின் கோடு சாய்ந்து, தாளை விட்டு வெளியேறப் பார்க்கும். இன்னொரு கூட்டம் இவரை ஜென், சூஃபி என்று ஆன்மிகப் பொட்டலம் கட்டுகிறது. அவருக்கு அவற்றில் ஈடுபாடு இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டால் பார்வையாளர் தாளைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்.

இன்னொரு சிக்கல், அருங்காட்சியகக்காரர்களுக்குத் தலைவலி. அவர் பெரும்பாலான படங்களுக்குப் பெயரும் வைக்கவில்லை, தேதியும் போடவில்லை. நண்பர்களுக்குச் சும்மா கொடுத்துவிட்டவையும் உண்டு. ஆகவே சுவரில் ஒட்டும் அட்டையில் 'தலைப்பில்லாதது, சுமார் 1975' என்ற மாதிரிதான் எழுத முடிகிறது. லாட் நம்பர் இல்லாத ரோலை இந்த ஊரில் எந்த குடோனும் உள்ளே விடாது. அவர் படங்கள் அப்படியே உலகம் சுற்றுகின்றன.

டெல்லிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. கிரண் நாடார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அவர் படங்கள் கணிசமாக உண்டு. எப்போதும் சுவரில் இருக்காது, விசாரித்துக்கொண்டு போவது நல்லது. காகிதமும் மசியும் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் இப்படிப்பட்ட படங்களைச் சுமார் 50 லக்ஸ் அளவு வெளிச்சத்தில்தான் வைப்பார்கள், சில மாதம் கழித்து இருட்டறைக்கு எடுத்துப்போய்விடுவார்கள். நம் செக்கிங் டேபிளின் டியூப்லைட்டுக்கும் லைட் பாக்ஸுக்கும் பழகிய கண்ணுக்கு உள்ளே நுழைந்ததும் எதுவும் தெரியாது. வெற்றுத் தாளை ஃபிரேம் போட்டு மாட்டிய மாதிரி இருக்கும். இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். முதலில் மசிக்கோடுகள் வரும். பிறகு நேரே பார்ப்பதை விட்டுவிட்டு, துணியில் நீடில் லைன் தேடும்போது சாய்த்துப் பிடிப்போமே, அந்தக் கோணத்தில் பக்கவாட்டில் நகர்ந்து பார்க்க வேண்டும். அதுவரை இல்லாத பென்சில் கோடுகள், ஒன்று, இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒன்று, வெள்ளி போல மினுங்கும்.